பேசும் கடிகாரத்துக்கு ஒரு கட்டுப்பாடு!

'கண் தெரியாதவளுக்குக் கைக்கடிகாரம் எதற்கு?' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் கட்டியிருப்பது ஆப்பிள் ஸ்மார்ட் வாட்ச். 2015-ல் முதல் வாட்ச் வெளிவந்தபோதே, 'வாய்ஸ்ஓவர்' என்னும் திரை வாசிப்பான் அதில் இருந்தது. விரல் வைத்த இடத்தில் என்ன இருக்கிறதென்று வாய்விட்டுச் சொல்லும். இருமுறை தட்டினால் அது திறக்கும்.

ரொம்ப சௌகரியம்தான். ஆனால் சமையலறையில் எனக்குக் காதுதான் கண். குக்கர் விசில், எண்ணெயில் கடுகு வெடிப்பது, தூளியில் குழந்தை சிணுங்குவது எல்லாமே காது வழியாகத்தான். கடிகாரம் ஓயாமல் பேசினால் மற்றதெல்லாம் காதில் விழாமல் போய்விடும். ஆகவே, வாங்கிய கையோடு சத்தத்தை ஒழுங்கு செய்துகொள்வது நல்லது. உங்கள் வீட்டில் பார்வை குறைந்த மாமியாரோ அம்மாவோ இருந்தால், அவர்களுக்கு நீங்களே செய்து கொடுக்கலாம்.

மணி வேறு, குரல் வேறு

அழைப்போ செய்தியோ வந்தால் ஒலிக்கும் மணி ஒன்று. வாய்ஸ்ஓவர் பேசும் குரல் மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். மணிக்கு, செட்டிங்ஸில் 'சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ்' பகுதிக்குப் போங்கள். குரலுக்கு, இரண்டு விரல்களால் இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரல்களை எடுக்காமல் மேலே நகர்த்தினால் சத்தம் கூடும்; கீழே நகர்த்தினால் குறையும்.

சைலன்ட் மோட் போட்டால் வாட்ச் ஊமையாகிவிடும் என்று எண்ணாதீர்கள். மணிதான் அடங்கும், குரல் பேசிக்கொண்டேதான் இருக்கும். பேச்சை அந்த நேரத்துக்கு நிறுத்த, இரண்டு விரல்களால் ஒரு தட்டு போதும். மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

குழந்தை தூங்கும்போது

கையைத் தூக்கும்போதெல்லாம் பேசுகிறதா? வாய்ஸ்ஓவர் பகுதியில் 'ஸ்பீக் ஆன் ரிஸ்ட் ரெய்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். மணிக்குப் பதில் மணிக்கட்டில் மெல்லத் தட்டி எழுப்பும் வசதியும் உண்டு. தட்டுவது உறைக்கவில்லை என்றால் 'ப்ராமினன்ட்' வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தைக்கூட தட்டியே சொல்லும். 'க்ளாக்' பகுதியில் 'டாப்டிக் டைம்' இருக்கிறது. அதில் 'டிஜிட்ஸ்' முறையில் 12:34 என்றால் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பிறகு நீளமாக மூன்று, குட்டையாக நான்கு. 'ஸ்பீக் டைம்' என்பதில் 'கன்ட்ரோல் வித் சைலன்ட் மோட்' தேர்ந்தெடுத்து, வாட்சையும் சைலன்ட் மோடில் வைத்தால்தான் இது வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை: வாட்ச் சார்ஜில் இருக்கும்போது, சைலன்ட் மோடிலும் அலாரமும் டைமரும் சத்தமாகவே அடிக்கும். தூளிக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள்.

நாலு பேர் நடுவில்

பாங்க்கிலிருந்து வரும் ரகசிய எண்ணை விருந்தாளிகள் முன்னால் வாட்ச் உரக்கப் படித்தால் என்ன ஆவது? ப்ளூடூத் இயர்போனை இணைத்து ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; மற்றக் காது வீட்டைக் கவனிக்கட்டும். 'ஸ்க்ரீன் கர்ட்டன்' போட்டால் திரையும் இருண்டுவிடும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

தெருவைக் கடக்கும்போது மட்டும் இயர்போனே வேண்டாம். அப்போது இரண்டு காதும் வண்டிச் சத்தத்துக்குத்தான்!