பூட்லோடர் அன்லாக்: பழைய போனுக்கு மறுவாழ்வா, வம்பா?

காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் மாதிரி கிராமங்களில், வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன் என்றால் பேங்க், கேஸ் புக்கிங் எல்லாமே அதில்தான். அதற்கு கம்பெனி அப்டேட் நின்றுபோனால் என்ன செய்வது? சிலர் சொல்லும் வழி, பூட்லோடர் அன்லாக்.

போன் ஆன் ஆகும்போதே ஓடும் புரோகிராம்தான் பூட்லோடர். உள்ளே இருப்பது கம்பெனி மென்பொருள்தானா என்று சரிபார்த்த பிறகே ஆண்ட்ராய்டைத் தொடங்கும். இந்தப் பூட்டைத் திறந்தால், 2016-ல் தொடங்கிய லீனியேஜ்ஓஎஸ் போன்றவற்றை ஏற்றலாம். அதன் பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால் பழைய போனுக்கும் புது ஆண்ட்ராய்டு, பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அழிக்கவே முடியாத விளம்பர ஆப்களும் ஒழியும்.

சிக்கல் என்ன? அன்லாக் செய்த நொடியே போட்டோ, மெசேஜ் எல்லாம் அழியும். பேக்கப் இல்லையென்றால் போச்சு. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் தேறாவிட்டால் பேங்க், யுபிஐ ஆப்கள் திறக்க மறுக்கலாம். அன்லாக் வசதியுள்ள சாம்சங் மாடல்களில் வேறு மென்பொருள் ஏற்றினால் நாக்ஸ் பாதுகாப்பு நிரந்தரமாகப் போய்விடும். செக்யூர் ஃபோல்டர் திரும்ப வராது. தப்பான ஃபைலை ஏற்றினால் போன் 'பிரிக்' ஆகி, சர்வீஸ் சென்டர் தேடி டவுனுக்கு பஸ் ஏறணும்.

ஆசை இருந்தால், மூலையில் கிடக்கும் இரண்டாவது போனில் முயற்சி செய்யலாம். பிடிக்காமல் மறுபடி லாக் செய்வதாக இருந்தால், முதலில் கம்பெனி மென்பொருளை ஏற்றிவிடணும். வேறு ஓஎஸ் இருக்கும்போதே லாக் செய்தால் போன் ஆன் ஆகாமலே போகலாம்.