பழைய காரா? சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்!

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பழைய காருக்கு மட்டும் பெயின்ட் பளபளப்பைப் பார்த்தே முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவி மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வரலாம். பழைய கார் வாங்கலாமா என்று கேட்கும் உழவர்கரை விவசாயிகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அனுபவமுள்ள மெக்கானிக் எஞ்சினுக்கு முன் சீட் பெல்ட்டைப் பார்ப்பார். கடைசிவரை இழுத்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியில் சேற்றுக் கறை தெரியும். கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளிலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. அந்த வண்டியே வேண்டாம். ஆயிலை மாற்றி மறைத்துவிடலாம், வயரிங்கில் ஏறிய துருவை மறைக்க முடியாது. சில மாதம் கழித்து வேலையைக் காட்டும்.

பழைய இன்சூரன்ஸ் நகலையும் கேளுங்கள். 2025 பாலிசியில் 'நோ கிளைம் போனஸ்' இல்லை என்றால் காரணம் கேளுங்கள். கடன் முடிந்த வண்டிக்குப் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30. விழுப்புரம், கடலூர் பக்கம் கொண்டுபோவதானால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். அங்கே சாலை வரியும் கட்ட நேரும். அதையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.