ஆண்பிள்ளைகளில் உண்ணுதல் கோளாறு: உடல் விளைவுகள்

எடையையும் உடல் தோற்றத்தையும் பற்றிய கவலையால் உணவைக் கடுமையாகக் குறைப்பது, உண்டதை வலிந்து வாந்தி எடுப்பது, கட்டுப்பாடின்றி உண்பது போன்ற நிலைகள் உண்ணுதல் கோளாறுகள் எனப்படுகின்றன. இவை பெண்களுக்கே வருபவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் 1689-இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் தம் நூலில் விவரித்த இரு நோயாளிகளுள் ஒருவன், 16 வயதில் பசி குன்றத் தொடங்கிய சிறுவன். அளவு மீறிய படிப்பும் அதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார்.

பெண்களிடம் மாதவிடாய் நின்றுபோவது ஓர் எச்சரிக்கையாக அமைகிறது. ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு குறைவது அப்படி வெளியே தெரிவதில்லை. பையன் மெலிந்தால் "நன்றாகப் பயிற்சி செய்கிறான்" என்று பாராட்டுகிறோம். பள்ளியில் பணியாற்றிய காலத்தில் நானும் அவ்வாறு பாராட்டியிருக்கிறேன்.

பட்டினி ஆணுடலை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944-45-இல் நடத்திய ஆய்வு தெளிவாகக் காட்டியது. உடல்நலமும் மனநலமும் மிக்க 36 இளைஞர்கள் தாமே முன்வந்து, 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தனர். எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. நிமிடத்துக்குச் சுமார் 55 ஆக இருந்த நாடித்துடிப்பு 35 அளவுக்கு இறங்கியது. இதயமும் சுருங்கியது. எப்போதும் குளிர் வாட்டியது, கணுக்கால்கள் வீங்கின, பாலுணர்வு மங்கியது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினர்! இவர்களுள் எவருக்கும் முன்பு உண்ணுதல் கோளாறு இருந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனம் உணவையே சுற்றிச் சுற்றி வந்ததற்குப் பட்டினியே காரணம்.

நாடி மெதுவாக இருப்பதை விளையாட்டு வீரனின் வலுவான இதயத்துக்கு அடையாளம் என்று எண்ணிவிடுவதுண்டு. எடை வேகமாகக் குறைந்துவரும் பையனிடம் அது ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடல் எடை வயதுக்கு ஏற்றபடி இருந்தாலும், குறுகிய காலத்தில் பெருமளவு இழந்தவருக்கு இதே பாதிப்புகள் நேரலாம்.

எலும்பு அடர்த்தியின் பெரும்பகுதி வளரிளம் பருவத்தில்தான் சேர்கிறது. ஊட்டமும் டெஸ்டோஸ்டிரோனும் குறைந்தால் அந்தச் சேமிப்பு தடைபடும். பின்னர் எடை கூடினாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாமற் போகலாம். பையன்கள் பெண்களைவிடச் சற்றுத் தாமதமாக உயரமாவதால், அவர்களுடைய உயரமும் பாதிக்கப்படலாம்.

அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குப் பற்களின் உட்புற எனாமல் அரிக்கப்படும். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு ஒழுங்கிழப்பதே இதில் உயிருக்கு ஆபத்தானது. தசையைப் பெருக்கும் வேட்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு விரைகள் சுருங்கி விந்தணு உற்பத்தி குன்றும்.

நீண்ட நாள் பட்டினி கிடந்த பையனுக்கு வீட்டார் அன்பு மிகுதியால் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து. மாவுச்சத்து மிகுந்த உணவு சேர்ந்ததும் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் உள்ள பாசுபேட்டு செல்களுக்குள் இழுக்கப்படும். அதன் அளவு சட்டெனச் சரிந்தால் இதயமும் மூச்சும் தடுமாறும். எனவே கடுமையாக மெலிந்தவர்களுக்கு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்தபடியே உணவைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள்.