மட்டி மூடும் முன்னே

1894 செப்டம்பரில் வட அமெரிக்காவின் ஹியூரான் ஏரியில் 'அயர்ன்டன்' என்ற பாய்மரக் கப்பல், தானியம் ஏற்றிவந்த இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மாலுமிகள் ஏழு பேரும் உயிர்காப்புப் படகில் ஏறினார்கள். ஆனால் படகைக் கப்பலோடு பிணைத்திருந்த கயிறு அவிழ்க்கப்படவில்லை. கப்பல் படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. பிழைத்தவர்கள் இருவர். 2019-இல் சோனார் கருவி அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தது. பிறகு கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். மூன்று பாய்மரங்களும் நிமிர்ந்து நின்றன. அந்தப் படகு இன்னும் கப்பலோடுதான் கட்டப்பட்டிருந்தது.

கடலில் மூழ்கிய மரக்கப்பலுக்கு இந்த ஆயுள் அரிது. கப்பல் புழு அதைத் துளைத்துத் தின்றுவிடும். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். நன்னீரில் அதனால் வாழ முடியாது. ஏரியின் அடியாழத்தில் ஆண்டு முழுவதும் 4 டிகிரியை ஒட்டிய குளிர் நிலவுவதால், மரத்தை மட்கச்செய்யும் நுண்ணுயிர்களும் மெதுவாகவே இயங்குகின்றன.

அங்கே இறங்குபவர்கள் உடம்பில் நீர் படாத உலர் உடை அணிகிறார்கள். ஆழம் கூடினால், மூச்சுக்காற்றில் ஹீலியம் கலக்கிறார்கள். சாதாரணக் காற்றிலுள்ள நைட்ரஜன் அங்கே புத்தியை மயக்கும். விளக்கைக் கேமராவை விட்டு விலக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரில் மிதக்கும் தூசியெல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஆயிரக்கணக்கில் படமெடுத்து, கணினியில் இணைத்து, முழுக் கப்பலின் முப்பரிமாண உருவையே உண்டாக்குகிறார்கள்.

இதில் அவசரம் இருக்கிறது. 1980-களின் இறுதியில், கருங்கடல் பகுதியைச் சேர்ந்த வரிக்குதிரை மட்டியும் குவாகா மட்டியும் ஹியூரான், மிச்சிகன், சுப்பீரியர் அடங்கிய வட அமெரிக்கப் பேரேரிகளில் தென்பட்டன. சரக்குக் கப்பல்கள் நிலைகுலையாமலிருக்க நிரப்பிவந்த தண்ணீரில் வந்து சேர்ந்தவை அவை. நீரை வடிகட்டி உண்பதால் ஏரி தெளிந்தது. கேமராவுக்கு எட்டாத தூரமெல்லாம் எட்டியது. ஆனால் அதே மட்டிகள் கப்பல்மேல் அப்பி, பலகைகளைப் பாரத்தால் முறிக்கின்றன. இரும்பு ஆணிகள் அரிக்கவும் காரணமாகின்றன. சுரண்டி எடுத்தால் மரத்தின் மேற்பரப்பும் கூடவே பெயர்ந்து வரும். எனவே மூடப்படும் முன் எடுக்கும் படம்தான் இன்று நம் கையிலுள்ள பாதுகாப்பு என்பேன்.

சுப்பீரியர் ஏரியில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஓடு கட்ட வழியில்லாமல் அங்கே மட்டிகள் அதிகம் பெருகவில்லை. அங்குள்ள கப்பல்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். ஹியூரானுக்கும் மிச்சிகனுக்கும் கேமராக்கள் முதலில் போகட்டும்.