கேட்கும்போது கணக்கிடு: சோம்பல் மதிப்பீடு ஏன்? எப்படி?

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அங்கே இன்றிரவு நோக்க ஒரு விண்மீன் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஹிப்பார்கஸ் பட்டியலில் மட்டும் 1,18,218 விண்மீன்கள். கேள்வி இதுதான்: அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் இருப்பவற்றுள், போதிய பொலிவுள்ள ஒன்றாவது உண்டா?

இத்தகைய கேள்விகளையும் விதிகளையும் எழுத உதவுவது ஓசிஎல் (OCL) மொழி. மென்பொருள் வடிவமைப்புக்கான யுஎம்எல் (UML) தரத்தில் அது 1997-இல் இடம்பெற்றது. நம் கேள்விக்கு அதில் இரண்டு செயல்கள் வேண்டும்: உயரத்தைப் பார்த்து விண்மீன்களைத் தேரும் ‘செலக்ட்’, அவற்றுள் போதிய பொலிவுள்ள ஒன்றாவது உண்டா எனப் பார்க்கும் ‘எக்சிஸ்ட்ஸ்’.

வழக்கமான முறையில் ‘செலக்ட்’ முழுப் பட்டியலையும் சலித்து, நினைவகத்தில் புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கும். பிறகே ‘எக்சிஸ்ட்ஸ்’ பொலிவைப் பார்க்கும்.

சோம்பல் மதிப்பீட்டில், அதாவது கேட்கும்போது மட்டும் கணக்கிடும் முறையில், ‘எக்சிஸ்ட்ஸ்’ ஒவ்வொன்றாகக் கேட்கும். ‘செலக்ட்’ அடுத்த தகுதியான விண்மீனை மட்டும் எடுத்துத் தரும். 40-ஆவது விண்மீன் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தினால் வேலை முடிந்தது. மீதி 1,18,178-ஐத் தொடவே வேண்டாம். எதுவும் பொருந்தாவிட்டால் கடைசிவரை போகத்தான் வேண்டும். அப்போதும் இடைப்பட்டியலுக்கான நினைவகம் மிச்சம்.

தள்ளிப்போட்டால் விடை மாறாதா? மாறாது. ஓசிஎல் கோவைகள் தரவை மாற்றுவதில்லை. எனவே தரவு வேறு வழியில் மாறாதவரை எப்போது கணக்கிட்டாலும் அதே விடைதான்.

எல்லைகளும் உண்டு. வரிசைப்படுத்தவும் எண்ணிக்கை சொல்லவும் எல்லா உறுப்புகளும் தேவை. ஒரே தொகுப்பைப் பலமுறை கேட்டால், கண்ட விடைகளைச் சேமித்து வைப்பதே லாபம். எங்கே தள்ளிப்போடுவது, எங்கே சேமிப்பது என்று சரியாகத் தேர்வதில்தான் வேகம் இருக்கிறது.