வட்டத் துளையும் நீளத் துளையும்

பழைய சிவகாசி காலண்டர்கள் சிலவற்றில் லட்சுமிக்கு இரண்டு உதடுகள் இருக்கும். சிவப்பாக ஒன்று, மயிரிழை தள்ளி அதன் நிழல் மாதிரி இன்னொன்று. அச்சகத்தில் கேட்டால் ‘ரிஜிஸ்டர் விலகிடுச்சு’ என்பார்கள். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று பொருள். இதைத் தவிர்க்க அச்சுத்தொழில் கண்ட வழி எளியது. ஒவ்வொரு பிலிமிலும் ஒரே இடத்தில் துளை போட்டு, அசையாமல் நிற்கும் பின்களில் மாட்டிவிடுவார்கள். அந்தப் பின் டார்க்ரூமுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் கறுப்பு-வெள்ளை பிரிண்ட் போடுபவரிடம் இருப்பது ஒரே நெகடிவ். அவர் எதை எதோடு பொருத்த வேண்டும்?

இருண்ட மண்டபத்துக்குள் நின்றுகொண்டு, வெயில் கொளுத்தும் வாசலையும் சேர்த்து ஒரு படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். நெகடிவில் வாசல் கன்னங்கரேல் என்றிருக்கும். தூண்கள் இருக்கும் பகுதி கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. பிரிண்டில் வாசலைக் கொண்டுவந்தால் தூண்கள் கரியாகும். தூண்களைக் காப்பாற்றினால் வாசல் வெள்ளைத்தாளாகும். கான்ட்ராஸ்ட் குறைந்த, மென்மையான பேப்பரில் போட்டால் இரண்டும் அடங்கிவிடும், ஆனால் படம் நீர்மோர் மாதிரி சப்பென்று இருக்கும்.

மாஸ்க் பிறந்தது இந்த இடத்தில்தான். நெகடிவின் கீழே இன்னொரு பிலிமை வைத்து, கொஞ்சமாக ஒளி காட்டி, மெல்லிய பாசிட்டிவ் ஒன்றை எடுக்கிறோம். நெகடிவ் எங்கே தெளிவாக இருக்கிறதோ அங்கே இது சற்றே கறுக்கும். நெகடிவ் கறுத்த இடத்தில் இது தெளிவாக இருக்கும். இரண்டையும் சேர்த்து என்லார்ஜரில் வைத்தால் அடர்த்திகள் கூடும். நெகடிவின் வீச்சு 1.5 என்றால், அதன் தெளிவான பகுதி கறுத்த பகுதியைவிட ஏறக்குறைய 32 மடங்கு ஒளியை விடுகிறது. தெளிவான பகுதியில் மாஸ்க் 0.4 சேர்த்தால் வீச்சு 1.1-க்கு இறங்கும், 32 மடங்கு 13 மடங்காகிவிடும். நடுத்தர கிரேடு பேப்பர் அதைத் தாராளமாகத் தாங்கும்.

வேடிக்கை இனிமேல்தான். அந்த பாசிட்டிவை வேண்டுமென்றே மங்கலாக எடுப்பார்கள். நெகடிவின் எமல்ஷன் பக்கத்தை மேலே திருப்பி, நெகடிவுக்கும் மாஸ்க் பிலிமுக்கும் நடுவே பனிப்படலம் போன்ற ஒளிபுகு தாள் ஒன்றைச் செருகினால் ஒளி சிதறிப் போகும். இந்த மாஸ்க்குக்கு வாசல் தெரியும், தூண் தெரியும். தூணில் செதுக்கிய மணி தெரியாது. ஆகவே பெரிய ஒளி-இருள் வேறுபாட்டை மட்டும் அது குறைக்கும், நுட்பங்களைத் தொடாது. மொத்த வீச்சு குறைந்துவிட்டதால் இன்னும் கடினமான பேப்பருக்கும் போகலாம். அப்போது செதுக்கல் முன்பைவிடத் துலக்கமாக எழுந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பில் படத்தைக் கூர்மையாக்கும் கருவிக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று முரணான பெயர் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஒரு வானியல் ஒளிப்படக்காரர். டேவிட் மாலின் 1975-இல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் சேர்ந்தார். தொலைநோக்கிப் படங்கள் அங்கே கண்ணாடித் தகடுகளில் எடுக்கப்பட்டன. ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி தகட்டில் வெறும் கறுப்புத் திட்டாகக் கிடக்கும். மாலின் தகட்டின் கண்ணாடிப் பக்கத்தில் பிலிமை வைத்து மங்கலான மாஸ்க் எடுத்தார். ஒளியைச் சிதறவிடும் இடைவெளியாகத் தகட்டின் தடிமனே பயன்பட்டது. அந்த மாஸ்க் வழியே பிரிண்ட் போட்டபோது திட்டுக்குள் புதைந்திருந்த வாயுச் சுருள்கள் தெரியவந்தன.

சரி, நெகடிவையும் மாஸ்க்கையும் பின்னில் மாட்டிப் பொருத்த எதை வாங்குவது? பலரும் முதலில் துளை போடும் பஞ்சைத்தான் தேடுவார்கள். என்லார்ஜரின் நெகடிவ் கேரியரிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. கேரியரில் பின் பொருத்த இடமில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த பஞ்சும் வீண். பஞ்ச், மாஸ்க் எடுக்கும் கான்டாக்ட் ஃபிரேம், கேரியர் மூன்றிலும் பின்களின் இடைத்தூரமும் கனமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக வருவது நல்லது. டை டிரான்ஸ்ஃபர் வண்ண பிரிண்ட் செழித்த காலத்தில் அமெரிக்காவில் காண்டிட் நிறுவனம் இப்படி முழுத் தொகுப்பாகச் செய்து விற்றது. கோடாக் 1990-களில் டை டிரான்ஸ்ஃபர் பொருள்களை நிறுத்தியது. இப்போது காண்டிட் தொகுப்பு பழையதாகக் கிடைத்தால்தான் உண்டு. இல்லையென்றால் லேத் பட்டறையில் செய்யச் சொல்ல வேண்டும்.

துளைகளைக் கவனியுங்கள்: ஒன்று வட்டம், மற்றது நீளவாட்டில் இழுத்த வட்டம். வட்டத் துளை பிலிமை ஓரிடத்தில் கட்டிப்போடும். நீளத் துளை அது திரும்பாமல் பிடிக்கும், ஆனால் நீள விடும். ஈரப்பதத்துக்கு ஏற்ப பிலிம் நீண்டு சுருங்கும். பாலியெஸ்டரைவிட அசிடேட்டுக்கு இந்தக் குணம் அதிகம். நம் அலுவலகப் பஞ்சை வைத்தே ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு, அதன் இடைத்தூரமும் 80 மி.மீ.யிலிருந்து மாறுவதில்லை. ஆனால் இரண்டு துளையும் வட்டம். பிலிம் கொஞ்சம் ஊதினாலும் நடுவில் வளைந்து நிற்கும். போதாக்குறைக்கு ஓரம் பிசிறும்.

4×5 அங்குல நெகடிவுக்கு மங்கலான மாஸ்க் ஒன்றே ஒன்று என்றால் பின் தேவையே இல்லை. லைட் பாக்ஸில் வைத்து, லூப் வழியே பார்த்துப் பொருத்தி, ஒரு ஓரத்தில் டேப் ஒட்டினால் போதும். 0.1 மி.மீ. விலகினாலும் 8×10 பிரிண்டில் அது 0.2 மி.மீ.தான். அதே விலகல் 35 மி.மீ. நெகடிவில் 0.8 மி.மீ. ஆகும். அப்போது ஒவ்வொரு விளிம்பிலும் ஒருபுறம் வெள்ளைக் கோடும் மறுபுறம் கறுப்புக் கோடும் விழுந்து, படம் தகரத்தில் தட்டிய புடைப்புச் சித்திரம் மாதிரி தெரியும். சிறிய நெகடிவில் துளை போட ஓரமும் கிடையாது. துளையிட்ட பிலிம் துண்டோடு சேர்த்து ஒட்டித்தான் மாட்ட வேண்டும். ஒரே நெகடிவுக்கு இரண்டு மூன்று மாஸ்க்குகளை மாற்றி மாற்றிப் போடுபவருக்கும், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தரும் லித் பிலிமில் கூர்மையான மாஸ்க் செய்பவருக்கும் பின் இல்லாமல் ஆகாது.

இன்னொரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு கண்ணாடி, ஒரு நெகடிவ், ஒரு மாஸ்க் என்றால் தூசி உட்கார மொத்தம் எட்டுப் பரப்புகள். பிலிமோடு ஒட்டும்போது நியூட்டன் வளையம் என்னும் வண்ண வளையங்கள் வராத கண்ணாடியும் நல்ல தூரிகையும் பட்டியலில் இருக்கட்டும்.

பழைய தொகுப்பு வாங்கினால் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. நுண்ணிய கோடுகள் உள்ள லித் பிலிமில் துளை போட்டு, பின்னில் மாட்டி, இடையில் எதுவும் வைக்காமல் எமல்ஷனோடு எமல்ஷன் சேர கூர்மையான பாசிட்டிவ் ஒன்று எடுங்கள். நன்றாகக் காயட்டும். இரண்டையும் அதே பின்களில் மறுபடி மாட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். கோடுகளின் ஒரே பக்கத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தால், பின்னோ துளையோ தேய்ந்திருக்கிறது.