கல்லீரலைக் காக்கும் மூன்று மாத மாத்திரை

கல்லீரல் நோய் என்றதும் நம்மில் பலருக்கு மஞ்சள் பூத்த கண்களும் கீழாநெல்லிச் சாறுமே நினைவுக்கு வரும். கண் மஞ்சளாகாமலேயே இருபது, முப்பது ஆண்டுகள் கல்லீரலை அரிக்கவல்ல நோய் ஒன்றும் உண்டு. அதுவே ‘ஹெப்பாடைட்டிஸ் சி’. வேரில் நோய் கண்ட ரப்பர் மரம் இலை வாடும் வரை வழக்கம்போல் பால் தருகிறதன்றோ? இந்நோயுள்ளவரும் அவ்வாறே நாள்தோறும் பெரட்டுக்கு வந்து, நிரைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

இதன் கிருமி 1989-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. இரத்தத்தின் வழியே பரவும். உடன் உண்பதால் பரவாது. இரத்ததானத்தில் இதற்கான சோதனை வராத காலத்தில் பிரசவத்தின்போதோ விபத்தின்போதோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சுத்தமற்ற ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள், போதைப்பொருளுக்காக ஊசியைப் பகிர்ந்தவர்கள் ஆகியோர் சோதித்துக்கொள்வது அவசியம். நோய் எப்படி வந்தது என்று துருவிக் கேட்டு ஒருவரைத் தலைகுனியச் செய்வது முறையன்று. அந்த வெட்கத்தினாலேயே பலர் கிளினிக் வாசலை மிதிப்பதில்லை.

முன்னாளில் இன்டர்ஃபெரான் ஊசியே சிகிச்சையாக இருந்தது. ஓராண்டு வரை ஊசி. காய்ச்சல், சோர்வு, மனவாட்டம். இத்தனைக்கும் பின் குணமடைந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. இன்றைய மாத்திரைகள் கிருமி பெருகுவதையே தடுத்துவிடுகின்றன. பெருக இயலாத கிருமி உடலைவிட்டு ஒழிகிறது.

ஆனால் விலை? சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, ஒரு மாத்திரையே 1,000 டாலர்! 2017 செப்டம்பரில் நம் அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி, அதே மருந்தை மலிவாகத் தயாரிப்போரிடமிருந்து பெற வழி செய்தது. மறு ஆண்டு முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. அதனுடன் ராவிடாஸ்விர் என்னும் மருந்தைச் சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் சுமார் 300 பேரிடம் சோதித்ததில், 100-க்கு 97 பேர் குணமடைந்தனர். கல்லீரல் சுருங்காதவர்களுக்குப் 12 வாரமும், சுருங்கத் தொடங்கியவர்களுக்கு 24 வாரமும் மாத்திரை தரப்பட்டது. 2021-இல் அம்மருந்தும் இந்நாட்டில் அங்கீகாரம் பெற்றது.

உடல் தேறிவிட்டதென எண்ணி இடையில் மாத்திரையை நிறுத்தலாகாது. உட்கொள்ளும் பிற மருந்துகளையும், நாட்டு மருந்தானாலும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கல்லீரல் முன்பே சுருங்கியிருந்தால், கிருமி ஒழிந்த பின்னரும் புற்றுநோய்க்கான பரிசோதனை தொடரும்.

குணமானவரின் விரலில் இரத்தம் எடுத்துச் செய்யும் முதற்சோதனை, பின்னாளிலும் ‘உண்டு’ என்றே காட்டக்கூடும். அது பழைய தடயம், அஞ்ச வேண்டாம். கிருமி இருக்கிறதா என்பதை இரண்டாவது இரத்தச் சோதனையே உறுதி செய்யும்.